ரி நிணநீர்க்குழியங்களும் தொழுநோயும்: கிழக்கிலங்கைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

இலக்கிய ஆய்வை வரன்முறையாகக் கற்ற ஒருவன் நிர்ப்பீடனவியல் பற்றி எழுத முற்படுவது இவ்விதழின் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், நோய் பற்றித் தமிழர் கொண்டுள்ள கருத்துகளிற் பெரும்பாலானவை மருத்துவ நூல்களிலிருந்து வந்தவையல்ல. கதையும் கூத்தும் நாடகமும் திரைப்படமுமே அவற்றை உருவாக்கின. 1954இல் வெளிவந்த 'ரத்தக் கண்ணீர்' இதற்குத் தக்க சான்றாகும். எம். ஆர். ராதா மேடையிலும் திரையிலும் பல்லாயிரம் மக்கள் முன் நடித்துக் காட்டிய அப்பாத்திரம் ஒழுக்கக்கேட்டின் கூலியாகத் தொழுநோயைப் பெறுகின்றது. மூடநம்பிக்கைகளைச் சாடிய ஓர் இயக்கத்தின் சூழலிற் பிறந்த படைப்பு இது. அத்தகைய படைப்பே, நோயைப் பாவத்தின் விளைவாகக் காணும் மிகப் பழைய நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்தாது ஏற்றுக்கொண்டமை எமது பண்பாட்டு வரலாற்றில் ஊன்றி நோக்கற்பாலது. ஒருவருக்குத் தொழுநோய் வருமா வராதா, வரின் எவ்வடிவில் வரும் என்பனவற்றைப் பெரிதும் தீர்மானிப்பது அவரது ஒழுக்கமன்று. அவரது குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் உலவும் ஒருவகை வெண்குழியமே. அக்குழியத்தின் தொழிற்பாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடயத்தைத் தொடங்குவதற்கு முன் ஒரு நினைவைக் குறிப்பிட வேண்டியுள்ளது. பாண்டிருப்பில் எமது வளவுக்கு அடுத்த வளவில் ஒரு மாமி இருந்தார். அவருடைய முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்று காணப்பட்டது. எல்லோரும் அதனைத் தேமல் என்றே கொண்டனர். அரிப்பில்லை, நோவில்லை, ஆதலால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. நோவின்மையே அங்கு நோயின் அடையாளம் என்பதை அறிந்தவர் எம்முள் இலர். சில ஆண்டுகளின் பின் நோய் இன்னதென்று கண்டறியப்பட்டு மருந்து தொடங்கியது. இரண்டாம் மாதத்தில் படைகள் சிவந்து தடித்தன; முழங்கை நரம்பு வீங்கிக் கடுத்தது; சின்னவிரல் மடங்கத் தொடங்கியது. "மருந்து ஒத்துக்கொள்ளல்ல மனே, அதான் விட்டுட்டன்" என்று அவர் என்னிடம் கூறியபொழுது எனக்கு அது முற்றிலும் நியாயமான முடிவாகவே தோன்றிற்று. மருந்து தொடங்கிய பின்னரே கை கெட்டது. எனவே மருந்தே கையைக் கெடுத்தது. இந்த அனுமானத்தில் எங்கே பிழை உள்ளது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்பிழையை விளங்குவதற்கு ரி கலங்களை விளங்குதல் அவசியமாகும்.

மனிதவுடலின் குருதியிற் செங்குழியங்களோடு வெண்குழியங்களும் உள்ளன. வெண்குழியங்களுள் ஒருவகையினவே நிணநீர்க்குழியங்கள். இவை அனைத்தும் என்பு மச்சையில் தோன்றுகின்றன. இவற்றுள் ஒரு பகுதி, முதிர்ச்சியடையாத நிலையில் அங்கிருந்து புறப்பட்டு, மார்பென்புக்குப் பின்னால் இதயத்துக்கு மேலே அமைந்துள்ள தைமசு என்னும் சிறிய உறுப்பைச் சென்றடைகின்றது. ஆங்கிலத்தில் அவ்வுறுப்பின் பெயரது முதலெழுத்து ரி ஆதலால், அங்கே முதிர்பவை ரி நிணநீர்க்குழியங்கள் அல்லது சுருக்கமாக ரி கலங்கள் எனப்படுகின்றன. தைமசின் முக்கியத்துவம் மிகப் பிந்தியே உணரப்பட்டது. பிள்ளைப்பருவத்திற் பெரிதாகவிருந்து, பருவமடைந்த பின் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும் அவ்வுறுப்பினைப் பயனற்ற எச்சம் என்றே மருத்துவர் பலர் கருதினர். 1961இல் ஜாக் மில்லர், பிறந்தவுடனேயே எலிக்குஞ்சுகளின் தைமசை அகற்றிப் பார்த்தார். அக்குஞ்சுகளில் நிணநீர்க்குழியங்கள் பெரிதும் குறைந்திருந்தன. வேறோர் எலியின் தோலை ஒட்டியபோதும் அவற்றின் உடல் அதனைத் தள்ளவில்லை. தொற்றுகளுக்கு அவை எளிதில் இரையாகின. பயனற்றதென ஒதுக்கப்பட்ட உறுப்பு, உடல் தன்னையும் பிறவற்றையும் வேறுபடுத்தி அறியக் கற்கும் களம் என்பது அவ்வாறு புலனாயிற்று.

தைமசில் நிகழ்வது கடுமையான தெரிவு ஆகும். ஒவ்வொரு ரி கலமும் தன் மென்சவ்வில் ஒரு வாங்கியைத் தாங்கி நிற்கின்றது. அந்த வாங்கியின் வடிவம் எந்நோய்க்கிருமியையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதன்று. மரபணுத் துண்டுகள் தற்செயலாக வெட்டி ஒட்டப்படுவதனால் ஒவ்வொரு கலத்துக்கும் வெவ்வேறு வாங்கி வாய்க்கின்றது. இவ்வாறு பல கோடி வகைகள் தோன்றுகின்றன. உலகில் இனித் தோன்றவுள்ள கிருமிக்கும் பொருந்தக்கூடிய வாங்கி ஒன்று உடலில் எங்கோ இருத்தல் கூடும். ஆனால் தற்செயல் இருபுறமும் வெட்டும் வாள். சில வாங்கிகள் எதனோடும் பொருந்தா. சில உடலின் சொந்தப் புரதங்களோடு இறுகப் பொருந்தும். முன்னையவை பயனற்றவை, பின்னையவை ஆபத்தானவை. இவ்விரு சாராரும் தைமசினுள்ளேயே மடிகின்றனர். அங்கே உருவாகும் கலங்களுள் 100க்கு ஐந்துக்கும் குறைவானவையே உயிரோடு வெளியேறுகின்றன.

அவ்வாறு வெளியேறும் ரி கலம் கிருமியை நேரடியாகக் காண இயலாதது என்பது இங்கு மனங்கொளத்தக்கது. பிறபொருளெதிரி எனப்படும் புரதங்கள் குருதியில் மிதக்கும் கிருமியின் மேற்பரப்பிற் சென்று பற்றிக்கொள்கின்றன. ரி கலமோ வேறொரு கலம் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் சிறு புரதத்துண்டை மட்டுமே அறியும். அவ்வாறு ஏந்தும் மூலக்கூறுகள் ஆளுக்காள் வேறுபடுவன. ஓர் உறுப்பை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றுவதைக் கடினமாக்குபவையும் இவையே. ரி கலம் கிருமியின் துண்டையும் அதனை ஏந்தும் சொந்த மூலக்கூறையும் ஒருசேர அறிந்தாலன்றிச் செயற்படாது என்பதனை 1974இல் பீற்றர் டொகேர்ட்டியும் ரொல்ஃப் சிங்கர்நாகலும் நிறுவினர். இதற்காக 1996இல் அவர்களுக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. கலத்தினுள்ளே ஒளிந்திருக்கும் கிருமியைப் பிறபொருளெதிரியால் எட்ட முடியாது. அக்கலம் வெளியே நீட்டிக்காட்டும் துண்டைக் கொண்டு, உள்ளே யார் இருக்கின்றார் என்பதை ரி கலம் அறிந்துகொள்கின்றது.

ரி கலங்கள் ஒரே தொழிலைச் செய்பவையல்ல. சீடி8 என்னும் அடையாளம் உடையவை, தொற்றுக்குள்ளான கலத்தின் மென்சவ்வில் துளையிட்டு, அக்கலம் தானே மடியுமாறு செய்யும் நொதியங்களை உட்செலுத்துகின்றன. சீடி4 என்னும் அடையாளம் உடையவை பெரும்பாலும் தாம் கொல்வதில்லை. ஏனைய கலங்களுக்குச் செய்தி அனுப்புவதே அவற்றின் தொழில். எயிட்சு நோயில் வைரசு அழிப்பது இவற்றையே. தாம் கொல்லாத கலங்கள் இல்லாதொழிந்தவுடன் முழு நிர்ப்பீடனமும் குலைந்துவிடுகின்றது என்பதிலிருந்து அவற்றின் இன்றியமையாமையை உணரலாம். மூன்றாவது ஒரு வகையும் உண்டு. ஏனைய ரி கலங்களை அடக்கி வைப்பது அதன் பணி. இதனைப் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 1995இல் சிமோன் சகாகுச்சி அவற்றை இனங்கண்டு காட்டினார். அவருக்கும் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025இல் நொபெல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் மொழி பற்றி ஒரு சொல். நிர்ப்பீடனத்தை விளக்கும் நூல்கள் அனைத்தும் போர்க்கள உருவகத்தையே கையாளுகின்றன: எதிரி, படை, காவலர், கொலையாளி. முப்பதாண்டுப் போரினைக் கண்ட ஒரு கரையில் வளர்ந்தவனுக்கு இவ்வுருவகம் உவப்பானதன்று. அது ஒருபுறமிருக்க, அறிவியல் நோக்கிலும் அது தவறான விளக்கத்துக்கே இட்டுச்செல்கின்றது. சமூகத்திற் காண்பதை இயற்கையின்மேல் ஏற்றி, பின்னர் அதனையே இயற்கையின் நியதி என்று சமூகத்துக்குத் திருப்பித் தரும் வித்தையைக் குறித்து 1875இல் லவ்ரோவுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்சு எச்சரித்திருந்தார். 'எதிர்ப்பு வலிதாயின் நோய் மெலிது' என்ற எளிய சமன்பாட்டை அவ்வுருவகம் எம்மிடம் திணிக்கின்றது. தொழுநோய் இச்சமன்பாட்டை உடைத்தெறிவதாலேயே அது இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

தொழுநோயை உண்டாக்கும் பற்றீரியாவை 1873இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். மனித நோய் ஒன்றுக்குக் காரணமாக முதன்முதலில் இனங்காணப்பட்ட பற்றீரியாக்களுள் இதுவும் ஒன்று. எனினும் இன்றுவரை இதனைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க எவராலும் இயலவில்லை. மிக மெதுவாகவே இது பெருகும். ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரு கிழமைகள் பிடிக்கும். எனவேதான் தொற்று நிகழ்ந்து நோய் வெளிப்படுவதற்குச் சராசரி ஐந்தாண்டுகளும் சிலரில் இருபதாண்டுகளும் கழிகின்றன. உடலின் குளிர்ந்த பகுதிகளை, அதாவது தோலையும் மேலோட்டமாகச் செல்லும் நரம்புகளையும், இது நாடுகின்றது. நரம்பைச் சூழ்ந்துள்ள சுவான் கலங்களினுள்ளும் பெருந்தின்குழியங்களினுள்ளும் புகுந்து வாழ்கின்றது. பிற கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் பெருந்தின்குழியமே இதற்கு இல்லமாகிவிடுகின்றது.

இக்கிருமியை எதிர்கொள்ளும் மனிதரில் மிகப் பெரும்பான்மையோர், 100க்கு 95 பேர் வரை என்பர், நோய்வாய்ப்படுவதே இல்லை. எஞ்சியோரில் நோய் ஒரே வடிவில் வருவதுமில்லை. 1966இல் ரிட்லி, ஜொப்லிங் என்னும் இருவர், ஒரு துருவத்திலிருந்து மறு துருவம் வரை நீளும் நிறமாலை ஒன்றாக இந்நோயை வகைப்படுத்தினர். ஒரு துருவத்தில் ஓரிரு படைகள் மாத்திரம் தோன்றும். அவற்றில் உணர்ச்சி இராது. தோலைக் கீறிப் பார்த்தால் கிருமியைக் காண்பதே அரிது. மறு துருவத்தில் உடல் முழுவதும் தோல் தடிக்கும், கணுக்கள் எழும், புருவமயிர் உதிரும்; தோலிற் கிருமிகள் கோடிக்கணக்கில் மலிந்திருக்கும். கிருமி ஒன்றே, பெரும்பாலும் வேறுபடுவது ரி கலங்களின் நடத்தையே.

முதல் துருவத்தில் சீடி4 கலங்கள் கிருமியின் துண்டினை அறிந்து இன்ரபெரோன் காமா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அச்செய்தியைப் பெற்ற பெருந்தின்குழியம், தன்னுள் தங்கியிருந்த கிருமியைக் கொல்லும் வலிமையைப் பெறுகின்றது. மறு துருவத்தில் அதே கிருமியின் முன் ரி கலங்கள் வாளாவிருக்கின்றன. இன்ரலூக்கின் 4, இன்ரலூக்கின் 10 முதலிய வேறு செய்திகளே அங்கு மேலோங்குகின்றன. அவை பெருந்தின்குழியத்தைத் தூண்டுவதற்குப் பதிலாக அமைதிப்படுத்துகின்றன. அடக்கும் ரி கலங்களும் அங்கே மிகுந்துள்ளன. துணைபுரியும் ரி கலங்கள் இருவகைச் செய்தித் தொகுதிகளைச் சுரக்கின்றன என்பதனை 1986இல் மொஸ்மன், கொஃப்மன் ஆகியோர் எலிகளில் எடுத்துக்காட்டியிருந்தனர். 1991இல் தொழுநோயாளரின் தோலிலேயே இவ்விரு தொகுதிகளும் இரு துருவங்களிற் பிரிந்து கிடப்பது காணப்பட்டது. எலியிற் கண்ட வேறுபாடு மனிதரிலும் உண்டென்பதற்கு இந்நோய் தந்த சான்று நிர்ப்பீடனவியல் வரலாற்றில் முக்கியமானது.

இரண்டு செய்திகள் மேலும் சிந்திக்கத்தக்கன. ஒன்று, கிருமி மலிந்த துருவத்து நோயாளரின் குருதியில் அக்கிருமிக்கெதிரான பிறபொருளெதிரி ஏராளமாகவுள்ளது. ஆயினும் அதனாற் பயனில்லை, ஏனெனிற் கிருமி கலத்தினுள்ளே வாழ்கின்றது. மற்றையது, இந்நோயாளரின் ரி கலங்கள் பொதுவாக வலுவிழந்தவையல்ல. வேறு கிருமிகளை அவை வழமைபோல் எதிர்கொள்கின்றன. இவ்வொரு கிருமியின் முன் மட்டுமே மௌனிக்கின்றன. 1919இல் மிற்சுடா வகுத்த சோதனையில், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமிகளைத் தோலிற் செலுத்திச் சில கிழமைகளின் பின் நோக்கும்போது, முதல் துருவத்தாரில் கணு எழுகின்றது; மறு துருவத்தாரில் எதுவும் நிகழ்வதில்லை.

இனி, முன்னர் கூறிய சமன்பாடு உடையும் இடத்துக்கு வருவோம். ரி கலங்கள் சுறுசுறுப்பாகச் செயற்படும் துருவத்தில் கிருமி அழிகின்றது. ஆனால் நரம்பும் விரைவாகக் கெடுகின்றது. கிருமி குடியிருப்பது சுவான் கலத்தில். அக்கிருமியை நோக்கித் திரளும் ரி கலங்களும் பெருந்தின்குழியங்களும் நரம்பின் ஒடுங்கிய உறையினுள் வீக்கத்தை உண்டாக்கி நரம்பிழைகளை நசுக்குகின்றன. கிருமியை நீக்கும் செயலும் கையை முடமாக்கும் செயலும் ஒன்றே. ஒன்றன் உள்ளேயே அதன் மறுப்பு உறைகின்றது என்பதற்கு மேடைப் பேச்சாளர்கள் தேடும் உதாரணங்களைக் காட்டிலும் இது திட்டவட்டமானது. மறு துருவத்திலோ நரம்பு மெதுவாக, ஆனால் இருபுறமும் பரவலாக நலிகின்றது. இருதுருவங்களுக்கும் இடையில் நிற்போரே மிகுந்த இடருக்குள்ளாவோர். அவர்களுடைய ரி கலங்களின் நிலை எந்நேரமும் மாறக்கூடியது.

அம்மாற்றமே எதிர்த்தாக்கம் எனப்படுவது. சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களிலும், சில வேளைகளில் சிகிச்சை முடிந்த பின்னரும், பெண்களிற் பிள்ளைப்பேற்றின் பின்னரும் இது நிகழக்கூடும். அதுவரை அடங்கியிருந்த ரி கலங்கள் திடீரெனக் கிருமியை, இறந்துபோன கிருமியின் சிதைவுகளையுங்கூட, அறிந்து செயற்படத் தொடங்குகின்றன. பழைய படைகள் சிவந்து வீங்குகின்றன. முழங்கையின் உட்புறம் செல்லும் நரம்பு வீங்கினால் சின்னவிரலும் மோதிரவிரலும் மடங்கும். முழங்காற்புறத்து நரம்பு கெட்டாற் பாதம் தொங்கும். முக நரம்பு கெட்டால் இமை மூடாது. இது நஞ்சினால் வந்ததுமன்று, நோய் முற்றியதுமன்று. கிருமி குறைந்துவரும் வேளையிலேயே இது நேர்கின்றது. செய்யவேண்டியது மருந்தை நிறுத்துவதன்று; கூட்டுமருந்தைத் தொடர்ந்துகொண்டே, ரி கலங்களின் வேகத்தைத் தணிக்கும் பிரெட்னிசொலோனைப் பல கிழமைகளுக்கு மருத்துவரின் கண்காணிப்பிற் கொடுப்பதாகும். நரம்பு வீங்கிய சில நாள்களிலேயே இது தொடங்கப்பட்டால் விரல்கள் பெரும்பாலும் மீளும். ஆறு மாதங்களுக்கு மேல் தாமதித்தால் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. மாமியின் அனுமானத்திலுள்ள பிழை இதுவே. மருந்தின் பின் கை கெட்டது உண்மை. அதனைக் கெடுத்தது அவருடைய சொந்த ரி கலங்கள் என்பதை எவரும் அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. குளிகை அட்டை கொடுக்கப்பட்டது; விளக்கம் கொடுக்கப்படவில்லை.

இலங்கையில் இந்நோயின் வரலாறு பெரும்பாலும் ஒதுக்கிவைத்தலின் வரலாறாகவே இருந்தது. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெந்தலையில் தொழுநோய் மருத்துவமனையை நிறுவினர். 1901இல் பிரித்தானியர் இயற்றிய தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க வழிவகுத்தது. கிழக்கிலங்கையரைப் பொறுத்தவரை அதன் பொருள் மட்டக்களப்பு வாவியின் நடுவே கிடக்கும் மாந்தீவு. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்திலே, போனவர் திரும்பாத இடமாக அது எமது பாட்டன் பாட்டிமாரின் பேச்சில் இடம்பெற்றது. 1983இல் ரிபாம்பிசின், டப்சோன், குளோபசிமின் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டுமருந்து நாட்டில் அறிமுகமாகிய பின் ஒதுக்கிவைத்தலுக்கு மருத்துவ நியாயம் எதுவும் எஞ்சவில்லை. ரிபாம்பிசினின் முதல் வேளை மருந்தே கிருமிகளின் மிகப் பெரும்பகுதியைக் கொன்றுவிடுகின்றது. கிருமி குறைந்த வகைக்கு ஆறு மாதமும், மிகுந்த வகைக்குப் பன்னிரண்டு மாதமும் போதும். 1990களின் நடுப்பகுதியில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுகோலை நாடு எட்டிற்று. அளவுகோல் எட்டப்பட்டதே தவிர நோய் போகவில்லை. அதன் பின்னரும் பல ஆண்டுகளில் ஏறத்தாழ 1500 முதல் 2000 வரையான புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர். பத்தில் ஒருவர் அளவில் சிறுவர். சிறுவரிற் காணப்படுதல், தொற்று அண்மைக்காலத்திலும் தொடர்வதையே குறிக்கும். மட்டக்களப்பும் கல்முனைப் பிராந்தியமும் நோய் கூடுதலாகக் காணப்படும் பகுதிகளுள் அடங்குகின்றன.

எமது கரையில் ஏன் என்ற வினாவுக்கு ரி கலத்தை மட்டும் கொண்டு விடையளிக்க முடியாது. கிருமி முதன்மையாக மூச்சுவழியே, நெடுநாள் நெருங்கி வாழ்வோரிடையே பரவுகின்றது, கைபடுவதாற் பரவுவதன்று. பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது வரை கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கியுள்ளன. சீதனமாகப் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால் ஒரே வளவு இரண்டாகி நான்காகின்றது. 2004 திசம்பர் 26இன் கடற்கோள் இக்கிராமங்களின் கரையோர வரிசைகளை அழித்தபின் பலர் நெடுங்காலம் தற்காலிகக் கூடாரங்களிலும் உறவினர் வீடுகளிலும் நெருங்கி வாழ நேர்ந்தது. உணவு நலிந்தால் தைமசு நலியும், ரி கலங்கள் குறையும் என்பது மருத்துவம் நன்கறிந்தது. எனவே ஒருவரது ரி கலம் இக்கிருமியின் முன் எவ்வாறு நடக்கும் என்பதில் அவருடைய பரம்பரைக்கும் பங்குண்டு. அவர் எத்தனை பேரோடு ஓர் அறையில் உறங்குகின்றார், என்ன உண்கின்றார் என்பனவற்றுக்கும் பங்குண்டு. பிறந்த குழந்தைக்குக் காசநோய்க்கெதிராக இடப்படும் பீசீஜீ ஊசி, ரி கலங்களுக்கு இதனையொத்த கிருமியைப் பழக்கிவிடுவதால் தொழுநோயிலிருந்தும் ஓரளவு காக்கின்றது. நோயாளரோடு வாழ்வோருக்கு ஒருவேளை ரிபாம்பிசின் கொடுப்பதனை 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் அதற்கு, வீட்டில் நோயாளர் இருப்பதை அயலார் அறிய நேரும் என்ற அச்சம் முதலிற் கடக்கப்பட வேண்டும். மருதமுனையின் தறியிலும் பாண்டிருப்பின் கரைவலையிலும் தொழில்செய்யும் விரல்களுக்கு உணர்ச்சி குன்றினால், முதலிற் கண்டுகொள்பவர் மருத்துவரல்லர். நூல் அறுந்ததை அறியாமற் போன நெசவாளியே. அவர் அதனை வெளியே சொல்வதனால் மகளின் கலியாணம் தடைப்படும் எனின், சொல்லமாட்டார்.

சோதனையோ மிக எளியது. வெளிறிய அல்லது செம்மைபடர்ந்த படையின்மீது, கண்ணை மூடச்செய்து, பஞ்சின் நுனியால் மெதுவாகத் தொட வேண்டும். பக்கத்துத் தோலில் உணர்பவர் படையில் உணராவிடின் அது தேமலன்று. அரச மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவுகளில் இதற்கான மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது.

மாமி ஏழு மாதங்களின் பின் மீண்டும் மருந்தைத் தொடங்கிப் பன்னிரண்டு மாதங்களையும் முடித்தார். படைகள் மங்கிவிட்டன. இரு விரல்கள் நிமிரவில்லை. அடுப்பிலிருந்து பானையை இறக்கும்போது இடக்கையால் முதலில் தொட்டுச் சூடு பார்த்து, பின்னரே வலக்கையைக் கொடுப்பார்.